ராணிக்குப் பின்னாடி ஒரு வார்த்தை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுறது.

ஞாயித்துக்கிழமை லண்டன்ல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போயிட்டு வந்து இங்கிலாந்த ஆண்ட முதலாம் மேரி ராணி பத்தி ரெண்டு வரி இங்கிலீஷ்ல வாட்ஸப்ல போட்டிருந்தியே, அத கண்ணாடி போடாம படிச்சிட்டு 'குயின் ப்ரெக்னன்ட்'னு உங்கம்மாகிட்ட சத்தமா சொல்லிட்டேன், அவ அடுப்படில இருந்தே "எந்த ராணி, எத்தன மாசம்"னு கேக்குறா. கண்ணாடிய தேடிப் போட்டுப் பாத்தா முன்னாடி அந்த பி-யே இல்ல, ரெக்னன்ட்.

முப்பது வருஷம் ஆபீஸ்ல இங்கிலீஷ் லெட்டரா அடிச்சவன், இந்த வார்த்தைய பாத்ததே இல்ல பாப்பா. டிக்‌ஷனரிய எடுத்தேன். லத்தீன்ல ஆளுறதுக்கு உள்ள வார்த்தைல இருந்து வந்ததாம், ஆண்டுக்கிட்டு இருக்கிறன்னு அர்த்தம். நமக்கு எப்படி ராஜா பொண்டாட்டியும் ராணி, தானே நாடாண்டாலும் ராணியோ, அவங்க குயினுக்கும் அதே குழப்பம்தான். அதனால சொந்த உரிமைல சிம்மாசனம் ஏறுனவங்க குயின் ரெக்னன்ட், ராஜாவ கட்டிக்கிட்டு ராணியானவங்க குயின் கன்சார்ட். 1952ல இருந்து 2022 வரைக்கும் எலிசபெத் ரெக்னன்ட், இப்ப கமிலா கன்சார்ட். கிங் ரெக்னன்ட்னு யாரும் அனேகமா எழுதுறதில்ல, ராஜான்னாலே ஆளுறவன்தானாம், பொம்பளைக்குத்தான் தனியா சர்ட்டிபிகேட் வேணும் போல!

இன்னொரு கூத்து, இந்த வார்த்தை குயினுக்குப் பின்னாடிதான் நிக்கும், கோர்ட் மார்ஷல் மாதிரி. ரெண்டு மூணு பேர சொல்லணும்னா குயின்ஸ் ரெக்னன்ட், அந்த எஸ் குயினோட ஒட்டிக்கும். அந்தந்த காலத்துல ஓங்கி நிக்கிற கருத்தையும் ரெக்னன்ட்னு சொல்லுவாங்களாம், அப்ப மட்டும் முன்னாடி வந்துரும்.

இத ரீஜன்டோட போட்டுக் குழப்பிக்காத. நம்ம மதுரை ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல சத்திரம் இருக்கே, அந்த மங்கம்மா ரீஜன்ட். பேரன் கைக்குழந்தங்கிறதால 1689ல இருந்து அவன் பேர்ல மதுரைய ஆண்டவங்க. அதிகாரம் பூரா கையில இருந்தும் பட்டம் என்னமோ பேரனுக்குத்தான்.

ஆனா இதெல்லாம் உங்கம்மாகிட்ட எடுபடல, அவளுக்கு அந்த மேரி கதைதான் வேணும். தேடிப் படிச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. 1553ல முடிசூட்டிக்கிட்டாங்க, மறுவருஷம் ஸ்பெயின் இளவரசன் பிலிப்போட கல்யாணம், உண்டாயிருக்குன்னு நம்பி 1555ல நீ போன அதே அரண்மனைல போய் தங்கிட்டாங்க. வயிறும் பெருசாச்சாம். தொட்டில் ரெடி, குழந்த பொறந்துருச்சுன்னு வெளிநாட்டு ராஜாக்களுக்கு அனுப்ப லெட்டர் கூட எழுதி, தேதிக்கு மட்டும் எடம் விட்டு வச்சிருந்தாங்களாம். மாசக்கணக்கா காத்திருந்தும் ஒண்ணும் இல்ல, அது கர்ப்பமே இல்ல. நான் தப்பா படிச்ச வார்த்தைய அந்த ஊரே மாசக்கணக்கா நம்பியிருக்கு பாரு.

"தேதி மட்டும் போடாமயா வச்சிருந்தாங்க"னு உங்கம்மா நேத்தும் ரெண்டு தடவ கேட்டுட்டா. ராத்திரி சாப்பாடு கூட சரியா எறங்கல அவளுக்கு. அடுத்த தடவ அந்தப் பக்கம் போனா அந்த ராணியோட படம் ஏதாச்சும் இருந்தா எடுத்து அனுப்பு, பாக்கணுங்கிறா.

சளி கொறஞ்சுதா? குளுருக்கு காதுக்குத் துணி கட்டிக்க.

அப்பா