ஸ்னாப்பிங் ஆமைக்குச் சிறு தொட்டியும் தங்கமீனும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் குடும்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான செல்லப் பிராணிகள் பற்றிய கட்டுரையில், ஸ்னாப்பிங் ஆமை (வட அமெரிக்க ஏரி குளங்களில் வாழும், சட்டென்று கடிக்கும் பெரிய ஆமை) வளர்ப்பதற்கு ஒரு சிறு கண்ணாடித் தொட்டியும் வாரத்துக்கு நாலைந்து தங்கமீனும் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. அதே எண்ணத்தில் இந்த ஆமை ஒன்றை, கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு குளிர்காலம் வைத்திருந்து, அதைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனவன் என்ற முறையில், அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் கைக்கு அது வந்தது ஒரு செப்டெம்பர் மாதத்தில். கவார்த்தா ஏரிகளின் பக்கம் நாங்கள் கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது, சரளைக்கல் வீதியோரத்தில் முட்டையிலிருந்து வெளிவந்து தண்ணீரைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்த குஞ்சை, அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்த என் மகன் தேநீர்க் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு டொலர் நாணயத்தின் அளவுதான் ஓடு. அந்த ஓட்டின் நீளத்துக்கு வால். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று என் தாயார் வாசலிலேயே மறித்தார். இரண்டாம் நாள் அதற்குச் சோற்றுப் பருக்கை போட்டுப் பார்த்தவரும் அவரேதான்.

சோற்றை அது தொடவில்லை. கோழி இறைச்சியை நூல் நூலாகக் கிழித்துப் போட்டோம், பாய்ந்து தின்றது. பிறகு கடையில் தங்கமீன் வாங்கி விட்டோம். அது பதுங்கியிருந்து சட்டென்று கழுத்தை நீட்டிப் பிடிப்பதைப் பார்க்க அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் ஓட்டின் விளிம்பு விரலால் அழுத்தினால் வளையத் தொடங்கியது, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தது. ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோதுதான் நாங்கள் போட்ட சாப்பாடே நோய் என்று தெரிந்தது. எலும்பு நீக்கிய இறைச்சியில் கல்சியம் மிகக் குறைவு, பொஸ்பரஸ் மிக அதிகம். குறைகின்ற கல்சியத்தை ஆமையின் உடல் தன் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்துமே எடுத்துக்கொள்ளும். தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதியம் இருப்பதால், அதையே தொடர்ந்து தின்னும் ஆமையின் உடலில் விற்றமின் பி1 சிதைந்து நரம்புகள் பாதிக்கப்படும். ஆகவே கட்டுரையில் சொல்லப்பட்ட அந்த நாலைந்து தங்கமீன்தான் முதலில் திருத்தப்பட வேண்டியது.

இது வெறும் மாமிசந்தின்னி என்பதும் தவறான எண்ணம். ஏரியில் வாழும் ஸ்னாப்பிங் ஆமை செத்த மீன், நத்தை, புழு, தவளை ஆகியவற்றோடு நீர்த்தாவரங்களையும் தாராளமாகத் தின்கிறது. வளர்ப்பவர்கள் ஆமைகளுக்கென்று விற்கும் குளிகை உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மண்புழுவும் நீர்ப்பாசியும் டன்டெலியன் இலையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே முறை. இலை என்றதும் ஸ்பினாச்சை நினைத்துவிடக் கூடாது. அதிலுள்ள ஒக்சலேற்று என்ற பொருள் கல்சியத்தை உடலில் சேரவிடாமல் கட்டிவைத்துவிடும். கல்சியத்துக்கு எங்களுக்கு வைத்தியர் சொன்ன பொருளைக் கேட்டு என் தாயார் சிரித்துவிட்டார். ஊரில் கறிக்குக் கணவாய் வெட்டும்போது எடுத்து எறிவோமே, அந்தக் கணவாய் ஓடுதான். இங்கே கிளிகளுக்கென்று பொதியில் அடைத்து விற்கிறார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் ஆமை தனக்கு வேண்டியபோது கடித்துக்கொள்ளும்.

அளவு அதைவிடப் பெரிய சிக்கல். குஞ்சுக்கு நாளுக்கு ஒரு முறை, அதன் தலையளவு உணவு போதும். வளர்ந்த ஆமைக்கு வாரத்தில் 2 அல்லது 3 முறைக்கு மேல் தேவையில்லை. ஆனால் படியில் காலடிச் சத்தம் கேட்டாலே கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பிராணியிடம் இதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. விருந்தாளியின் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்துப் பழகிய கை ஆமைக்கும் அப்படியே வைக்கும். தொடையடியில் சதை பிதுங்கிக் காலை உள்ளே இழுக்க முடியாமல் போனால், அது செழிப்பல்ல, கொழுப்பு. உணவைத் தண்ணீருக்குள்ளேயே, நீண்ட இடுக்கியால்தான் கொடுக்க வேண்டும். தண்ணீருக்கு வெளியே வைத்தால் அதனால் சரிவர விழுங்க முடியாது. விரலால் கொடுத்தால் அது விரல் என்று அதற்குத் தெரியாது.

இனி இருப்பிடம். நாங்கள் தொடங்கியது 40 லீற்றர் தொட்டியில். முதல் ஆண்டு முடியுமுன் அது போதாமல் போயிற்று. வளர்ந்த ஸ்னாப்பிங் ஆமையின் ஓடு 30 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடும், எடை 10 கிலோவுக்கு மேலும் போகும். அது திரும்பி நடமாட மாட்டுப் பண்ணைகளில் வைப்பதுபோன்ற, 1000 லீற்றர் கொள்ளும் பெருந்தொட்டி வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். மாடிக் குடியிருப்பில் இருப்பவர் இதை வாங்குவதற்கு முன்னால் கட்டட நிர்வாகத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். தண்ணீரின் ஆழத்திலும் நாங்கள் பிழைவிட்டோம். இது நீந்தித் திரியும் ஆமையல்ல, அடித்தளத்தில் நடக்கும் ஆமை. காலூன்றிக் கழுத்தை நீட்டினால் மூக்கு நீர்மட்டத்துக்கு எட்ட வேண்டும். விளிம்புவரை நிரப்பிய எங்கள் தொட்டியில், குஞ்சு மூச்செடுக்க மேலே வருவதற்கே ஓயாமல் காலடித்துக் களைத்துப்போனது. மீன்தொட்டிக்குப் போடும் பொடிக்கற்களை அழகுக்காகப் பரப்பியிருந்தோம். உணவோடு சேர்த்து அவற்றை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பதால் வைத்தியர் அன்றே அகற்றச் சொன்னார்.

வடிகட்டியை மீன்தொட்டிக் கணக்கில் வாங்கக் கூடாது, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு உரியதாக வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் வாராவாரம் தண்ணீர் மாற்றும் வேலை தீராது. குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கிய பின்பே ஊற்ற வேண்டும். நீரின் சூடு 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும், ஆனால் சூடாக்கியைச் சுற்றி உறை இருக்க வேண்டும். எங்கள் கண்ணாடிச் சூடாக்கியை ஓரிரவு அது முட்டி உடைத்துவிட்டது. மின்சாரம் உடனே அறுந்ததால் தப்பினோம். யன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. கல்சியத்தை உடலில் சேர்க்க உதவும் புறஊதாக் கதிரை யன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென்று உள்ள விளக்குத்தான் வேண்டும்; அதுவும் வெளிச்சம் குறையாமலே கதிர் மட்டும் குறைந்துபோவதால் காலக்கெடுவுக்குள் மாற்ற வேண்டும்.

கடிக்கும் குணம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. தலையும் நாலு காலுமாக ஐந்தையும் ஓட்டுக்குள் அடக்கிக்கொள்வதே ஆமையின் இயல்பு என்று பள்ளியில் படித்தவர்கள் நாம். இந்த ஆமைக்கு அது இயலாது. அடிப்புற ஓடு சிலுவை வடிவில் மிகச் சிறியது, அடங்க இடமில்லை. தண்ணீருக்குள் விலகிப் போய்விடும் அதே ஆமை தரையில் சீறிக் கடிப்பது அதனால்தான். கழுத்து ஓட்டின் பக்கவாட்டில் பின்னோக்கியும் வெகுதூரம் எட்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு பாதிக்கப்படும். இதோடு, மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமியும் ஆமையிடம் உண்டு. 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975 இலேயே தடைசெய்ததற்குக் காரணம், பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்ததுதான். ஆமைத் தொட்டியைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துக் கழுவிய நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் இந்த ஆமையைப் பிடித்து வைத்திருக்கச் சட்டம் இடம்தருவதில்லை. கட்டுரையாளர் இதைச் சொல்லாமல் விட்டதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. வேட்டையாட இருந்த அனுமதியையும் 2017 இல் மாகாண அரசு நிறுத்திவிட்டது. காரணம் எளிது: இங்குள்ள பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும், இட்ட முட்டைகளில் ஆயிரத்தில் ஒன்று பெரிதாவதே அரிது. அல்கொன்குவின் பூங்காவில் 1972 முதல் இவற்றைக் கண்காணித்து வருபவர்கள், இந்த ஆமை நூறாண்டும் வாழக்கூடும் என்று கணிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டு எடுத்துவந்த உயிரை அவனுடைய பேரப்பிள்ளைதான் கடைசியில் பராமரிக்க வேண்டியிருக்கும்.

வைத்தியர் சட்டத்தைச் சொன்ன பிறகும் மகனின் அழுகைக்காக நாங்கள் ஓராண்டு தள்ளிப்போட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம்; வீட்டில் இருந்த ஆமை நோயை அங்குள்ளவற்றுக்குப் பரப்பக்கூடும் என்று அதையும் அவர் தடுத்தார். உரிமம் பெற்ற காட்டுயிர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் ஒப்படைத்தோம். ஓட்டின் விளிம்பு ஒரு பக்கம் மேல்நோக்கி வளைந்தபடியே இறுகிவிட்டது, இனி அது நேராகாது என்றார்கள். வெறுமையான தொட்டியில் என் தாயார் குளிர்காலத்துக்குக் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்.

செப்டெம்பர் மாதத்தில் வீதியோரங்களில் மறுபடியும் குஞ்சுகள் வெளிவரும். நம்மவர் குடும்பங்கள் பலவும் அப்போது ஏரிக்கரைகளில் இருக்கும். அதற்கு முன்னதாக, அதே குடும்பப் பக்கத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வீதியைக் கடக்கும் ஆமையைக் கண்டால் அது போகும் திசையிலேயே மறுகரையில் விட வேண்டும் என்பதையும், அடிபட்ட ஆமைக்குப் பீற்றர்பரோவில் உள்ள ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு மையத்தில் சிகிச்சை உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால் நன்று.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ