பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். குடிநீர்த் தொட்டி வேலை முடிந்தது, கழிப்பறைக் கதவுகள் இன்னும் பாக்கி. நான் அதிகம் சொல்லப்போவது பெற்றோர் சந்திப்பு பற்றித்தான், இந்த வருடம் நாம் வாங்கிய திட்டில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வழக்கம்போல "சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தவறாமல் வரவும்" என்று பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பினோம். திருப்பூரில் இருந்துகொண்டு சனிக்கிழமையைப் பிடித்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பள நாள் அது, பீஸ் ரேட்டில் தைப்பவர் அரை நாள் வராவிட்டால் அரை நாள் காசு போச்சு. வந்தவர்களும் மொத்தமாக 10 மணிக்கே வந்து வராண்டாவில் நின்றார்கள். 6-பியில் ஒன்று, 9-ஏயில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் உள்ள ஓர் அம்மா மாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை ஏறி இறங்கி, இரண்டு வரிசையிலும் இடம் போய், கடைசியில் ரேங்க் கார்டில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வகுப்புக்கு 40 பிள்ளைகள், ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே 3 மணி 20 நிமிடம், நடுவில் டீ கூடக் குடிக்காமல். கணக்கு டீச்சருக்கு 5 பிரிவுகள். எல்லோரும் அவரைத்தான் பார்க்கணும் என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் 1,000 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேரம்!

அதனால் அரையாண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. பதிலுக்கு ஒரு நாள் விடுப்பு தருவதாக ஹெச்.எம். சொன்ன பிறகுதான் சரி என்றார்கள். வகுப்பு ஆசிரியரை எல்லோரும் பார்ப்பது, பாட ஆசிரியர்களை முன்கூட்டியே கேட்டவர்கள் மட்டும் நூலக அறையில் பார்ப்பது என்று பிரித்தோம். நேரம் எழுதிய சீட்டை டைரியில் ஒட்டி அனுப்பினோம். அண்ணன் தங்கைகளைக் கண்டுபிடிக்க இனிஷியல் உதவவில்லை, பள்ளியில் பாதிப் பேருக்கு ஒரே இனிஷியல். செல்போன் எண்ணை வைத்துத் தேடி, இரண்டு சந்திப்புக்கும் நடுவே 20 நிமிடம் விட்டோம். ஒவ்வொரு ஆறாவது சீட்டையும் யாருக்கும் தராமல் காலியாக வைத்தோம், அது வீண் என்றவர்களே மதியம் வாயை மூடிக்கொண்டார்கள். ஓர் அப்பா பேச ஆரம்பித்து அழுதுவிட்டார், 25 நிமிடம் ஆனது. மணி அடிக்கலாமே என்றார் ஒரு உறுப்பினர், நான் அடிக்கவில்லை.

சரிவராததும் உண்டு. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெற்றோருக்குத் தமிழ்ச் சீட்டு அனுப்பியது தப்பு. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் தன் அப்பாவுக்கு தானே மொழிபெயர்த்தான், கணக்கில் 28 எடுத்ததை அவரிடம் என்னவென்று சொன்னானோ, அவர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த தடவை இந்தி தெரிந்த ஒருவர் வாசலில் இருக்க வேண்டும், யாராவது முன்வந்தால் நல்லது.

செல்போன் எண் மாறியவர்கள் போகும்போது வாசல் மேஜையில் இருக்கும் நோட்டில் புது எண்ணை எழுதிவிடுங்கள். பேனா கட்டித்தான் வைத்திருக்கிறோம்.