கான்ராட் வாசிப்புக் குறிப்பு: துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்று வாதிட்டவரும், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் சட்டம் கற்பித்தவருமான பேராசிரியர் டீட்ரிஷ் கான்ராட்டின் எழுத்துகளுக்கான தமிழ் வாசிப்புக் குறிப்பு நிறைவடைந்துவிட்டது. இது பிழையின்றி அமையக் காரணமானவர்கள் நீங்கள். எந்தெந்த இடத்தில் கைகொடுத்தீர்கள் என்பதைச் சொல்லித்தான் நன்றி கூற விரும்புகிறோம்.

முதல் நன்றி நூலகர்களுக்கு. 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டப்புலத்தில் கான்ராட் ஆற்றிய உரை வேறு. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் குலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா மேற்கோள் காட்டிய கட்டுரை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பரவலான பிழை, எங்கள் வரைவிலும் இருந்தது. அந்தக் கட்டுரை வந்தது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான பன்னாட்டு விவகார ஆண்டு மலரின் 1966-67 தொகுதியில். மலரையே எடுத்துத் தந்து பிழையைத் தீர்த்து வைத்தீர்கள்.

பனாரஸ் உரையின் கேள்விகள் இன்றும் கூர்மையானவை. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசமைப்பின் உறுப்பு 21-ஐ நீக்கி, சட்டத்தின் அனுமதியின்றியே ஒருவரின் உயிரைப் பறிக்க வழிசெய்யலாமா? பெரும்பான்மை குறைவதைக் காணும் ஆளுங்கட்சி, திருத்த அதிகாரத்தைப் பிரதமரின் ஆலோசனைப்படி நடக்கும் குடியரசுத் தலைவரிடம் கொடுத்துவிடலாமா? முதல் உறுப்பைத் திருத்தி, இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரிக்கலாமா? இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த அதே பிப்ரவரி அது. அந்தப் பின்னணியை அடிக்குறிப்பில் சேர்க்கச் சொன்ன வரலாற்று ஆசிரியருக்கு நன்றி.

ஜெர்மன் மூலங்களைச் சரிபார்த்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1919-இன் வைமார் அரசமைப்பில் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டியிருந்தன; எதைத் திருத்தக்கூடாது என்ற வரம்பு எழுதப்படவில்லை. 1933 மார்ச்சில் அதே பெரும்பான்மையுடன்தான், அரசமைப்புக்கு மாறான சட்டங்களையும் இயற்றும் அதிகாரம் ஹிட்லரின் அமைச்சரவைக்குப் போய்ச் சேர்ந்தது. 1949-இன் அடிப்படைச் சட்டம், அதாவது மேற்கு ஜெர்மனியின் புதிய அரசமைப்பு, சில அடிப்படைகளைத் திருத்தவே கூடாது என்று தடுக்கும் உறுப்பு 79(3) கொண்டு அந்த ஓட்டையை அடைத்தது. இந்திய அரசமைப்பில் அப்படி எழுதிவைத்த தடை கிடையாது. அதனால் கான்ராட் சொற்களை விட்டு அமைப்பிலிருந்து வாதிட்டார்: ஓர் அரசமைப்பின்கீழ் உருவான அவை, தனக்கு அதிகாரம் தந்த தூண்களையே பெயர்த்தெடுக்க முடியாது. ஜெர்மன் விதியை அவர் இந்தியாவில் அப்படியே நட்டார் என்று எழுதுவது தவறு. அந்தத் தவறான வாக்கியத்தை அடித்துத் திருத்தியது உங்கள் சிவப்பு மை.

வழக்கறிஞர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வாதத்தின் பாதையை நாள்வரிசையில் கோத்துத் தந்தீர்கள். 1964 அக்டோபரில், அரசமைப்புத் திருத்தம் ஒன்றை எதிர்த்த சஜ்ஜன் சிங் வழக்கின் தீர்ப்பில், உச்ச நீதிமன்ற நீதிபதி முதோல்கர் அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்த முடியுமா என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார். எனவே எல்லாப் புகழையும் கான்ராட் ஒருவருக்கே சூட்டக்கூடாது. அடிப்படை உரிமைகளைத் திருத்தத்தால் பறிக்கலாமா என்று ஆராய்ந்து 1967-இல் தீர்ப்பு வந்த கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் கான்ராட்டின் வாதத்தை எடுத்துவைத்தார். வாதத்தில் வலு உண்டு என்று தலைமை நீதிபதி சுப்பா ராவ் ஒப்புக்கொண்டாலும் முடிவு சொல்லாமல் விட்டார்.

குறிப்பின் உயிர்நாடி கேசவானந்த பாரதி அத்தியாயம். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 11 தனித்தனித் தீர்ப்புரைகள். அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் குலைக்க முடியாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்று முடிவு. மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒன்பது நீதிபதிகள் கையெழுத்திட்ட சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அதுவே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தராசைச் சாய்த்தவர் கன்னா. உட்கிடையான வரம்புகள், அதாவது எழுதப்படாமலேயே திருத்த அதிகாரத்துக்குள் அடங்கியிருக்கும் வரம்புகள், என்ற கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. ‘திருத்தம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்: திருத்தினால் பழையது மாற்றங்களோடு உயிர்வாழ வேண்டும், அடையாளமே அழிந்தால் அது திருத்தமாகாது. கான்ராட்டை மேற்கோள் காட்டியதும் இதற்காகவே. ஆகவே முதலில் கன்னாவின் முடிவுரைகள், அடுத்து திருத்த அதிகாரம் பற்றிய அவருடைய பகுதி, பிறகு தலைமை நீதிபதி சிக்ரி, கடைசியில் சிறுபான்மைத் தரப்பு நீதிபதிகள் ரே, மாத்யூ ஆகியோரின் எதிர்வாதம் என்று நீங்கள் வகுத்த வரிசையையே பின்பற்றியுள்ளோம். சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்று கன்னா சொன்னதை வைத்து, அடிப்படை உரிமை எதுவுமே சேராது என்று சிலர் வாதிட்டார்கள். 1975-இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் அவரே அதை மறுத்து விளக்கினார். இந்தக் குறுக்குக் குறிப்பும் உங்கள் கொடை.

மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர்கள் ‘உறுப்பு’, ‘பிரிவு’ இரண்டையும் கலக்கவிடவில்லை. அரசமைப்பில் இருப்பது உறுப்பு, மற்றச் சட்டங்களில் இருப்பது பிரிவு. நாளிதழ்கள் இரண்டுக்கும் பிரிவு என்றே எழுதுவதால் அரசமைப்பைத் திருத்துவது பற்றிய 368-ஐக் கண்டால், அது எந்தச் சட்டத்தின் 368 என்று மாணவர் தடுமாறுகிறார். பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் பட்ட பாடு அந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்கும்.

அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை ஏற்று வங்கதேச உச்ச நீதிமன்றம் எட்டாவது திருத்த வழக்கில் 1989-இல் அளித்த தீர்ப்பு இரண்டாம் பகுதியில் வரும். முதல் பகுதியில் திருத்தம் தென்பட்டால் பக்க எண், வரி எண்ணுடன் எழுதுங்கள். மூலத்தின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் உடனே சரிபார்க்கலாம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
வாசிப்புக் குறிப்புக் குழுவினர்