ஆண்டறிக்கை: எந்த உயிரினத்துக்கு முதலிடம்?

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி: இருக்கிற பணத்தையும் ஆட்களையும் வைத்து அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் எந்த உயிரினத்துக்கு முதலில் உதவுவது?

பேச்சு சிவப்புப் பட்டியலில் தொடங்கியது. ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் தொகுத்துவரும் அந்தப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று இருப்பவற்றை எடுத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. ஓர் இனம் அழிவை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைத்தான் பட்டியல் சொல்லும். நம்மால் காப்பாற்ற முடியுமா, என்ன செலவாகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அப்புறம் நியூசிலாந்தில் 2009-ல் முன்வைக்கப்பட்ட முறையைப் படித்தோம். ஓர் இனத்துக்குக் கிடைக்கும் பலனையும் வெற்றி வாய்ப்பையும் பெருக்கி, செலவால் வகுப்பதுதான் அதன் சாரம். “உயிரை வகுத்தல் கணக்கில் போடுவதா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கணக்குப் போடாவிட்டாலும் நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெரிய கண்ணும் மெத்தென்ற ரோமமும் உள்ளவை முந்திக்கொள்கின்றன. தவளையும் நத்தையும் நம் கண்ணில் படுவதே இல்லை.

எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டால் கைவிட வேண்டியதுதானா? நியூசிலாந்தைச் சேர்ந்த சாட்டம் தீவுகளில் வாழும் கறுப்பு ராபின் என்ற சிறு பறவை 1980-ல் ஐந்தே பறவைகளாகக் குறைந்தது. அதன் முட்டைகளை வேறு பறவைகளின் கூட்டில் வைத்துப் பொரிக்கச் செய்தார்கள். இன்று இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவின் சிறு வௌவாலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் சரிவு பல ஆண்டுகள் பதிவாகிக்கொண்டே இருந்தது. பிடித்து வளர்க்க 2009-ல் முடிவெடுத்துப் போனபோது ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அதன் ஒலி கேட்கவே இல்லை. தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான் என்று நான் செயற்குழுவில் அழுத்திச் சொன்னதற்கு இதுவே காரணம்.

இறுதியில் நன்னீர் ஆமையைத் தேர்ந்தெடுத்தோம். உலகின் ஆமையினங்களில் பாதிக்கு மேல் ஆபத்தில் இருக்கின்றன. அவை குறைவதற்கான காரணங்களும் பெரும்பாலும் தெரிந்தவையே. முட்டைகளைக் காவல் காப்போம் என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னோம். ஆனால் ஆமை பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கத்துக்கு வரும். முட்டையிலிருந்து அதுவரை பிழைப்பவை மிகச் சில. அப்படித் தப்பிப்பிழைத்த தாய் ஆமை வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தால், கூடு கூடாகக் காத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. பெருந்தலைக் கடலாமைகளைப் பற்றி 1987-ல் வெளியான ஆய்வும் இந்தத் திசையையே காட்டியது: முட்டையைவிட, ஓரளவு பெரிதாக வளர்ந்துவிட்ட இளம் ஆமைகளைக் காப்பது அதிகப் பலன் தரும். எனவே மீனவர்களோடு பேசி, வலைகளை அடிக்கடி பார்த்து ஆமைகளை உயிரோடு விடுவிக்க ஏற்பாடு செய்வதே முதல் வேலை. கூடுகளைக் காப்பது அடுத்தது.

தேர்வாகாத இனங்களின் பெயர்களையும் காரணங்களையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதுவதற்கு மனம் கனத்தது. புதிய தகவல் கிடைத்தால் எந்த இனத்தையும் மறுபடி விவாதத்துக்குக் கொண்டுவரலாம்.

ஆமைப் பணிக்கான தீர்மானத்தைப் பொதுக்குழு இன்றே நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்