வான்வெளி மூடியே இருக்கட்டும், புயலில் சிக்கிய விமானத்துக்கு வழி விடுங்கள்

பாங்காக்கில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆசிய-பசிபிக் மண்டல இயக்குநர் அவர்களுக்கும், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தில்லியிலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்குப் பெரிய விமானங்களை ஓட்டிச் செல்லும் விமானிகளில் நானும் ஒருவன். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதே மாதம் 30 அன்று இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதன்பின் இரு தரப்பும் மாதத்துக்கு மாதம் புது நோட்டாம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு) வெளியிட்டு அந்தத் தடையை நீட்டித்து வந்திருக்கின்றன. தடையை நீக்குங்கள் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதவில்லை. தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி அந்தந்த நாட்டுக்கே முழுமையாக உரியது என்று 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்கிறது; அதை நான் மதிக்கிறேன். நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது.

ஆசியாவின் வான்வழிகள் சில ஆண்டுகளாகவே சுருங்கி வருகின்றன. 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியபோது, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்த பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ஆப்கானிஸ்தானின் மேல் பறப்பவர்களுக்குக் கட்டுப்பாட்டு அறையின் துணை இல்லாமல் போனது. 2025 ஜூனில் ஈரான், ஈராக் வான்வெளிகள் ஒரே நாளில் மூடப்பட்டதால் பல விமானங்கள் பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. எங்கள் பக்கத்தில், பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதும் இண்டிகோவின் அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகள் உடனே நின்றன. ஏர் இந்தியாவின் அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. அந்நிறுவனத்தின் தில்லி-வாஷிங்டன் சேவை 2025 செப்டம்பர் முதல் நிறுத்தப்பட்டது. இவற்றையெல்லாம் விமானிகள் ஏற்றுக்கொண்டு பழகிவிட்டோம். கூடுதல் எரிபொருளைக் கணக்கிட்டு ஏற்றிக்கொள்ளலாம், கூடுதல் விமானி ஒருவரை அழைத்துச் செல்லலாம். மேகத்தை மட்டும் அட்டவணையில் அடக்க முடியாது.

ஒரு மே மாத இரவைச் சொல்கிறேன். தில்லியிலிருந்து கிளம்பி, பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு போவதற்காக ராஜஸ்தானின் மேல் தென்மேற்கே பறந்துகொண்டிருந்தோம். முன்னே வானிலை ரேடாரில் சிவப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துகொண்டிருந்தன. மின்னல் அடிக்கும்போதெல்லாம் மேகத்தின் தலை எங்களைவிட உயரத்தில் இருப்பது தெரிந்தது. வலப்பக்கம் தெளிவான வானம், நட்சத்திரங்கள்கூடத் தெரிந்தன. ஆனால் அந்தப் பக்கம் எல்லை. துணை விமானி ரேடாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்; இருவரும் ஒன்றும் பேசவில்லை. இடப்பக்கம் விலக அனுமதி கேட்டோம், கிடைத்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 கிலோ எரிபொருளைச் செலவழித்துக்கொண்டு, நெடுந்தூரம் சுற்றி மீண்டும் பாதைக்கு வந்தோம். அன்று இடப்பக்கம் திறந்திருந்தது. அதுவும் அடைபட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

அந்த நிலைமை வேறொரு குழுவினருக்கு உண்மையாகவே வந்தது. 2025 மே 21 அன்று தில்லியிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம், பதான்கோட் அருகே ஆலங்கட்டி மழை மேகத்தை எதிர்கொண்டது. எல்லைப் பக்கமாக விலகக் குழுவினர் கேட்டபோது இந்திய விமானப்படையின் வட பகுதிக் கட்டுப்பாட்டு அறை ஒப்புதல் தரவில்லை. லாகூரிடம் கேட்டார்கள், அங்கும் மறுப்பு. திரும்பிப் போக நினைத்தபோது மேகம் மிக நெருங்கிவிட்டதால், அதற்குள்ளேயே நுழைந்து ஸ்ரீநகரை நோக்கிப் போனார்கள். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் கருவி துண்டிக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் கீழிறங்கியது. மூக்குப் பகுதி சிதைந்த அந்த விமானம் ஒருவருக்கும் காயமின்றித் தரையிறங்கியதற்கு அந்த விமானிகளின் திறமையே காரணம். மறுத்தது ஒரு நாடு மட்டுமல்ல என்பதை இரு நாட்டு அதிகாரிகளும் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

விமானத்தின் பாதுகாப்புக்காக விதியிலிருந்து விலகும் இறுதி அதிகாரம் கமாண்டருக்கு, அதாவது தலைமை விமானிக்கு, உண்டு என்று சர்வதேச விதி சொல்கிறது. நடுக்கடலின் மேல் அனுமதி பெற முடியாத நிலையில் மேகத்தை விட்டு விலக நேர்ந்தால், எத்தனை கடல் மைல் தாண்டியதும் உயரத்தை 300 அடி மாற்ற வேண்டும் என்பது வரை உங்கள் அமைப்பே வரையறுத்துத் தந்திருக்கிறது. ஆளில்லாக் கடலுக்கு இவ்வளவு தெளிவான முறை இருக்கும்போது, இரு நாட்டு ரேடார்களும் இரவும் பகலும் கண்காணிக்கும் எல்லையில் அது இல்லை. இங்கே என் அதிகாரத்தைப் பயன்படுத்த நான் தயங்குவேன். 1983-இல் சோவியத் வான்வெளிக்குள் வழிதவறிச் சென்ற கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்ததை எந்த விமானியும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக்கூடாது என்ற பிரிவு உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. ஆபத்தில் உள்ள விமானத்துக்கு இயன்ற உதவி செய்ய வேண்டும் என்ற 25-ஆம் பிரிவோ தொடக்கம் முதலே இருக்கிறது. போதாக்குறைக்கு, அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் ஜிபிஎஸ் குறுக்கீடும் தொடர்கிறது.

இரு நாடுகளும் இந்த விஷயத்தில் பேசியதே இல்லை என்று சொல்ல முடியாது. 1952-இல் காபூலுக்குச் செல்லும் இந்திய விமானங்களின் பாதை குறித்து எழுந்த வழக்கு, உங்கள் அமைப்பின் மன்றத்தின் வழியே பேசித் தீர்க்கப்பட்டது. 1971-இல் இந்தியா தடை விதித்தபோது பாகிஸ்தான் விமானங்கள் டாக்காவுக்குக் கொழும்பு வழியாகச் சுற்றிப் போயின. அந்தத் தடை குறித்து எழுந்த வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை சென்று, 1976-இல் சமரசமாக முடிந்தது. இன்றைக்கும் பிற நாட்டு விமானங்களைத் தில்லிக் கட்டுப்பாட்டு அறை லாகூரிடம் ஒப்படைக்கிறது, லாகூர் தில்லியிடம் ஒப்படைக்கிறது. ஆகவே தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது.

நான் கேட்பது இதுதான். மாதந்தோறும் வெளியாகும் அந்த நோட்டாமில், மோசமான வானிலையாலோ அவசர நிலையாலோ விலக நேரும் விமானத்துக்கு இத்தடை பொருந்தாது என்ற ஒரே ஒரு வாக்கியத்தை இரு நாடுகளும் சேர்க்க வேண்டும். எத்தனை மைல் வரை விலகலாம், எந்த அலைவரிசையில் பேச வேண்டும், ராணுவத்துக்கு யார் தகவல் தர வேண்டும் என்பதைப் பாங்காக் அலுவலகம் இரு தரப்பையும் அழைத்து முன்கூட்டியே முடிவு செய்து தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் இரு நாட்டு விமானிகளுக்கும் இடம் வேண்டும். கராச்சியிலிருந்து கிளம்பும் விமானியும் அதே மேகத்தைத்தான் பார்க்கிறார். வடமேற்கில் இடிமேகங்கள் திரளும் மே மாதத்துக்கு முன் இது முடிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
நெடுந்தூரப் பாதைகளில் பறக்கும் ஒரு தமிழ் விமானி