டி.எம். முடித்த கையோடு பெல்லோஷிப்

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.டி.க்குப் பிந்தைய உயர்சிறப்புப் படிப்பான நரம்பியல் டி.எம். கடைசி ஆண்டு வந்துவிட்டால், அடுத்து பெல்லோஷிப் (ஒரு துறையில் கூடுதல் பயிற்சி) எங்கே என்பதுதான் மாணவர்களிடையே ஒரே பேச்சு: பெங்களூரு நிம்ஹான்ஸா, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவா? ஊரை அப்புறம் பார்க்கலாம். எந்த நோயில், எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்பதை டி.எம். இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பெல்லோஷிப், ஆய்வு நிதி இரண்டுக்கும் அதுதான் அடித்தளம்.

வலிப்பு நோய் பெல்லோஷிப்பையே எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரச் சாதாரண இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) பார்க்க டி.எம்.மிலேயே கை பழகிவிடுகிறது. அதற்காக இன்னொரு ஆண்டு தேவையில்லை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, நோயாளியை நாள்கணக்கில் வீடியோ இ.இ.ஜி.யில் வைத்து, வலிப்பு வரும்போது எந்த எலெக்ட்ரோடில் அலை முதலில் மாறுகிறது, அந்த நொடியில் எந்தக் கை விறைக்கிறது என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக் குறிக்கக் கற்பதுதான் அந்த ஆண்டின் பயன். ஆகவே, வீடியோ இ.இ.ஜி. படுக்கை எத்தனை, அறுவை சிகிச்சைக் கலந்தாய்வு எத்தனை நாளுக்கு ஒருமுறை, அங்கே கேஸை எடுத்து வைப்பது பெல்லோவா, பேராசிரியரா என்று இப்போது அங்கே படிப்பவரிடமே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் பெல்லோ என்றால் இரவு டியூட்டிக்கு ஆள் என்றுதான் பொருள்!

நிதிக்கு வருவோம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) திட்ட நிதி உண்டு; மருத்துவராக இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்ய விரும்புவோருக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் ஆய்வு நிதியும் உண்டு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது நோயாளிகளின் எண்ணிக்கையில்தான். பக்கவாதம் வந்து 90 நாளில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வோர் 40 சதவீதம் என்போம். புதிய சிகிச்சையால் அது 50 ஆகும் என்று காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 80 சதவீத 'பவர்' (பலன் இருந்தால் ஆய்வில் அது தெரியவரும் வாய்ப்பு) கணக்கில், புதிய சிகிச்சை, பழைய சிகிச்சை என்று பிரித்தால் ஒரு பிரிவுக்குச் சுமார் 390 பேர் வேண்டும். பாதியில் விட்டுப்போகிறவர்களுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் இரண்டு பிரிவுக்கும் ஏறத்தாழ 860. மாதம் 25 பேர் கிடைக்கும் மருத்துவமனையில் ஆள் சேர்க்கவே 34 மாதம் ஆகும். கடைசி நோயாளிக்கு 90 நாள் காத்திருந்தால் மூன்றாண்டுத் திட்டம் அங்கேயே தாண்டிவிடும். புராஜெக்ட் ஊழியரை வேலைக்கு எடுக்கும் மாதங்கள் இதில் சேரவே இல்லை. பலரும் இதற்குக் கண்டுபிடிக்கும் 'தீர்வு', எதிர்பார்க்கும் பலனைப் பெரிதாக்கி 50ஐ 55 என்று திருத்துவது. ஒரு பிரிவுக்கு 175 பேர் போதும் என்று கணக்கு அழகாக வந்துவிடும். பரிசீலனைக் குழுவில் இருப்பவர்கள் இதை நிறையப் பார்த்தவர்கள். இரண்டாவது மையத்தைச் சேர்ப்பதே நேர்வழி. லூதியானா சி.எம்.சி. ஒருங்கிணைத்த 'ஸ்பிரின்ட் இந்தியா' பக்கவாத ஆய்வு 31 மையங்களில் 4,298 பேரைச் சேர்த்தது அப்படித்தான்.

காகித வேலையும் சாதாரணமில்லை. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்ததும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. எனும் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், ஆள் சேர்க்கத் தொடங்கிய பிறகு செய்யும் பதிவு செல்லாது. வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி ஒப்புதலும் வேண்டும். தனியார் மருத்துவமனையில் சேர்பவர்கள் அதற்கு டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்று விண்ணப்பம் எழுதி முடித்த பிறகு தெரிந்தால் உழைப்பு வீண். பட்ஜெட்டில் கருவி விலையைப் போடுகிறார்கள், பராமரிப்பு ஒப்பந்தத்தை மறந்துவிடுகிறார்கள். செலவுச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை நின்றுவிடும். கணக்குப் பிரிவில் ஒருவரை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. அரசுக் கல்லூரியில் டி.எம். முடிப்பவர்களுக்கு ஒப்பந்தப் பணி (படிப்புக்குப் பின் அரசு மருத்துவமனையில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பணி) முடியும்வரை அசல் சான்றிதழ் கைக்கு வராது. பெல்லோஷிப் சேர்க்கையிலோ அசலைத்தான் கேட்பார்கள். தேர்வாகியும் இடம் கைவிட்டுப் போகிறது. மத்திய நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஒப்பந்தப் பணியை ஓராண்டு தள்ளிவைத்து, அசல் சான்றிதழ்களை நேரடியாக அந்த நிறுவனத்துக்கே அனுப்ப மருத்துவக் கல்வி இயக்ககம் வழி செய்ய வேண்டும். திரும்பி வந்து அதே அரசு மருத்துவமனையில்தானே பணியாற்றப் போகிறார்கள்!

- நரம்பியல் உதவிப் பேராசிரியர்கள் இருவர், மதுரை