ஆணியில்லா மேசையின் அடிப்புறம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் வடிவமைப்பாளர் செசிலி மான்ஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர் பேங் & ஓலுஃப்சென் நிறுவனத்துக்கு வடிவமைத்த ஒலிபெருக்கிகளோடு நின்றுவிட்டது. 2018-இல் பாரிசின் மேசோன் & ஒப்ஜே கண்காட்சி அவரை அவ்வாண்டின் வடிவமைப்பாளராகத் தேர்ந்ததையும் சொல்லியிருக்கிறது. சரிதான். ஆனால் அவருடைய கைவரிசை தெரிய வேண்டுமானால், ஃபிரெடெரிசியா என்ற மரச்சாமான் நிறுவனத்துக்கு 2003-இல் அவர் வடிவமைத்த ‘மிகாடோ’ என்ற சிறு மேசையைப் பார்க்க வேண்டும்.

ஒரு வட்டப் பலகை, மூன்று உருண்டைக் கால்கள். ஆணியோ திருகோ கிடையாது. சாய்ந்த கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, பலகைத் துளைகளில் செருகி நிற்கின்றன. கட்டுரையாளர் இதை ‘எளிமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தச்சரைக் கேட்டால் வேறு சொல்வார்.

மூன்று துளைகளும் மையத்தை நோக்கிச் சாய்ந்தால் கால்கள் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றும் மையத்தைச் சற்று விலகி, மூன்றும் ஒரே சுற்றாகச் சாய வேண்டும். சாய்வில் 1 பாகை பிசகினாலே 50 செ.மீ. காலின் அடி ஏறக்குறைய 9 மி.மீ. தள்ளிப்போகும். இப்படிச் செய்து பார்க்க விரும்புவோர் துளைகளைத் தனித்தனியே அளக்க வேண்டாம். சாய்வான ஜிக் (துளைக்கருவியை ஒரே கோணத்தில் வழிநடத்தும் அமைப்பு) ஒன்றை அசையாமல் பூட்டிவிட்டு, பலகையை 120 பாகை வீதம் திருப்பித் துளையிடுங்கள். காலடியை முன்கூட்டி அறுப்பதும் தவறு. மேசையைக் கோத்து மட்டமான தளத்தில் நிறுத்தி, ஒரு சிறு கட்டைமேல் பென்சிலைப் படுக்கவைத்து மூன்று கால்களையும் சுற்றிக் கோடிழுத்த பிறகே அறுக்க வேண்டும்.

முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாது. துளை தளர்ந்தால் மட்டும் ஆட்டம் கொடுக்கும். ஓக் மரம் நாருக்குக் குறுக்கேதான் குறிப்பிடும்படி சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக இல்லை. அதனால் சரியாக உலராத பலகையில் போட்ட வட்டத்துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். அதற்குப் பயந்து நன்றாகக் காய்ந்த காலை இறுக்கி அறைந்தாலும் ஆபத்துதான்: ஈரக்காற்றில் கால் ஊதி, பலகை நார் வழியே பிளக்கும். கையால் அழுத்தினால் நுழையும் அளவே போதும்.

அடுத்த முறை மேசையின் அடிப்புறத்தையும் படமெடுத்துப் போடுங்கள்.

மரவேலை வாசகர் ஒருவர்,
கோவை